பொது நன்மையும் தனி மனிதப் பங்கும்: ஊவாத் தோட்டங்கள் கற்பிக்கும் பாடம்

பலர் கூடி முயன்று பெறும் ஒரு நன்மையை, அதற்காகப் பாடுபட்டவரும் பாடுபடாதவரும் ஒருங்கே துய்க்கலாம் என்றிருக்குமானால், பாடுபட முன்வருகிறவர் யார், எதற்காக முன்வருகிறார் என்னும் கேள்வி சமுதாய சாஸ்திரத்தின் பழைய கேள்விகளுள் ஒன்றாகும். மேலே நின்று ஆணையிடும் அதிகாரி ஒருவரும் இல்லாமல், ஒவ்வொருவரும் தத்தம் அறிவின்படியே நடக்கும் சுதந்திரம் பெற்றிருக்கும் சமூகத்தில் அக்கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. ஸ்கொத்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம், 1739–40இல் வெளிவந்த தமது பெருநூலில், புல்வெளியில் தேங்கிய நீரை வடிக்க இரண்டு அயலார் எளிதில் உடன்படுவர் என்றும், ஆயிரம் பேர் உடன்படுவது அரிது என்றும், ஆயிரம் பேருள் ஒவ்வொருவரும் சிரமத்தைப் பிறர் தலையில் சுமத்தவே வழி தேடுவர் என்றும் விளக்கினார். அமெரிக்கப் பொருளியலறிஞர் மான்கர் ஒல்சன் 1965இல் அதே கருத்தைத் தொழிற்சங்கங்களுக்கும் பொருத்திக் காட்டி, பெருங்கூட்டத்தில் பொதுநலன் இருப்பது மாத்திரம் போதாது, நிர்ப்பந்தமோ, பங்கு செலுத்தியவருக்கு மட்டும் கிடைக்கும் தனிச் சலுகையோ இல்லாவிடில் கூட்டு முயற்சி தளர்ந்துவிடும் என்ற முடிவுக்கு வந்தார்.

இன்று கணினி விஞ்ஞானிகள், மத்திய நிர்வாகம் எதுவுமின்றித் தாமே தீர்மானித்து இயங்கும் மென்பொருள் முகவர்கள் பலவற்றை ஒரு சமூகமாக இணைக்க முயலும்போது, அதே கேள்வியின் முன் வந்து நிற்கிறார்கள். அவர்கள் நூல்களிலும் சோதனைகளிலும் தேடும் விடையின் பெரும்பகுதி, இலங்கையின் ஊவா மாகாணத்தில் பதுளையைச் சூழ்ந்த தேயிலை மலைகளில், லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் வாழும் மக்களின் நூற்றாண்டு அனுபவத்தில் பொதிந்து கிடக்கிறது என்பதே என் அபிப்பிராயம். ஒத்துழைப்பு எப்போது தழைக்கிறது, எப்போது வாடுகிறது என்பதை அந்த அனுபவம் இரு முகமாகவும் காட்டுகிறது.

கங்காணி காலத்து ஒழுங்கு

தோட்டங்கள் எழுந்த காலத்தில், மக்களைக் கூட்டி வைத்து வேலை வாங்கும் ஒழுங்கு பெரிய கங்காணியின் கையில் இருந்தது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டிக் கொணர்ந்தவரும், அவர்களுக்கு முன்பணம் கொடுத்துக் கடனாளிகளாக்கியவரும், வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் தினந்தோறும் தலைக்காசு பெற்றவரும் அவரே. ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டம் போக விரும்புகிறவர் தம் கடன் தொகை எழுதிய துண்டோடுதான் போக முடியும் என்ற வழக்கம் 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை நீடித்தது. அங்கே வேலைக்கு வராமல் ஒதுங்குவது எளிதாயிருக்கவில்லை. ஆனால் அங்கே இருந்ததைக் கூட்டுறவு என்று எவரும் சொல்லமாட்டார். ஒழுங்கைக் காத்தவர், தாம் காத்த ஒழுங்கிலிருந்தே லாபம் பெற்றார்; அவர் கணக்கைக் கேட்கும் அதிகாரம், அந்த ஒழுங்குக்குக் கீழ்ப்பட்ட ஒருவருக்கும் இருக்கவில்லை. மேலிருந்து வரும் நிர்ப்பந்தம் சோம்பலைத் தடுக்கும், ஆனால் அந்த நிர்ப்பந்தத்தைச் செலுத்துகிறவர் பிறர் உழைப்பில் வாழ்வதைத் தடுக்காது என்பதற்குக் கங்காணி முறை முதல் சான்றாகும்.

லயத்தின் மரண உதவிச் சங்கம்

அதே லயங்களில், எவருடைய கட்டளையுமின்றி மக்கள் தாமே வளர்த்துக்கொண்ட ஸ்தாபனங்கள் பல. கோயில் திருவிழாவுக்கான வரியும், பெண்களிடையே நடக்கும் சீட்டும், தண்ணீர்ப் பீலிக்கரையைச் சுத்தம் செய்யும் முறையும் அத்தகையவை. இவற்றுள் மரண உதவிச் சங்கத்தை மட்டும் சற்று அணுகிப் பார்ப்போம். ஏனெனில் அதில் ஒத்துழைப்பின் விதிகள் அனைத்தும் சுருங்கிய வடிவில் தெரிகின்றன.

லயத்தில் ஒருவர் இறந்துவிட்டால், விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க வரும்போதே செய்தி மலை முழுவதும் பரவிவிடும். வீட்டுக்கு ஓர் ஆள் என்ற கணக்கில் இளைஞர் சிலர் குழி வெட்டப் போவார்கள். சிலர் பந்தலுக்குக் கம்பு வெட்டுவார்கள். பெண்கள் சாயத் தண்ணீருக்கு அடுப்பு மூட்டுவார்கள். பொருளாளர், அட்டை கசங்கிய சீ.ஆர். கொப்பியைக் கொணர்ந்து, வீட்டுக்கு இவ்வளவு என்று முன்பே தீர்மானித்த தொகையைப் பலர் பார்க்க வாங்கிப் பெயருக்கு நேரே குறித்துக்கொள்வார். கொடுத்தவர் யார், கொடுக்காதவர் யார், குழி வெட்ட வந்தவர் யார், தலைகாட்டாமல் இருந்தவர் யார் என்பது அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிடும். வராதவருக்கு முதலில் ஜாடையான பேச்சு. இரண்டாம் முறை கூட்டத்தில் நேரான விசாரணை. அதன் பிறகு அபராதம். அதற்கும் இணங்காதவரின் நல்லது கெட்டதுகளில் அயலார் காட்டும் குளிர்ந்த முகம். இப்படிப் படிப்படியாகத் தண்டனை ஏறினாலும், அதற்கு ஓர் எல்லை உண்டு. சந்தா பாக்கி வைத்தவர் வீட்டில் சாவு விழுந்தாலும், அந்தப் பிணத்தை அநாதையாகக் கிடக்க விடுவது மக்கள் மனம் ஒப்பாத காரியம். பாக்கியை உயிரோடு இருக்கும் குடும்பத்தினர் பிற்பாடு தீர்ப்பார்கள். இறந்தவருக்குச் செய்ய வேண்டியது அன்றே செய்யப்படும்.

அமெரிக்க அரசறிவியலாளர் எலினோர் ஒஸ்ட்ரம், உலகின் பல பகுதிகளில் மேய்ச்சல் நிலங்களையும் மீன்துறைகளையும் நீர்ப்பாசனக் கால்வாய்களையும் மக்கள் தாமே நெடுங்காலம் காத்துவந்த முறைகளை ஒப்பிட்டு, 1990இல் வெளியிட்ட நூலில் எட்டு விதிகளை வகுத்தார். பயன் பெறுவோர் யார் என்ற எல்லை தெளிவாயிருத்தல், இடத்துக்கேற்ற விதிகள், அவ்விதிகளை இயற்றுவதில் அவற்றுக்குக் கட்டுப்படுவோரின் பங்கு, கண்காணிப்போர் மக்களுக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டிருத்தல், படிப்படியாக உயரும் தண்டனை, குறைந்த செலவில் தீர்க்கக்கூடிய பஞ்சாயத்து, தம்மைத் தாமே ஒழுங்குபடுத்தும் உரிமையை அரசு அங்கீகரித்தல், பெரிய அமைப்புக்குள் சிறிய வட்டங்கள் அடுக்கடுக்காய் அமைதல் என்பனவே அவை. 2009இல் பொருளியலுக்கான நோபெல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணியாக அவரை உயர்த்திய இவ்விதிகளுள் பெரும்பாலானவற்றை, அவர் பெயரை ஒருபோதும் கேள்வியுற்றிராத மக்கள் ஒரு கொப்பியையும் சில வார்த்தைகளையும் கொண்டு கடைப்பிடித்து வருகிறார்கள் என்பது நம் சிரத்தைக்குரியது.

வெவெஸ்ஸ, 1940

சிறிய வட்டத்தில் விளைந்த இந்த ஒழுக்கம் பெரிய காரியங்களுக்கும் பயன்படுமா என்று கேட்கலாம். பதுளை மாவட்டத்தின் வெவெஸ்ஸத் தோட்டம் அதற்கு விடை தந்தது. வேலைநிறுத்தம் என்பது பொது நன்மைக்கான முயற்சிகளுள் மிகக் கடினமானது. வென்றால் சம்பள உயர்வு எல்லோருக்கும் கிடைக்கும், நிறுத்த நாட்களின் பசியோ நிறுத்தியவருக்கு மட்டுமே உரியது. ஆகையால் கருங்காலியாவதற்கான ஆசை ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் வந்து நிற்கும். 1940ஆம் ஆண்டு ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பலியான பிறகு மலைநாடெங்கும் கிளம்பிய வேலைநிறுத்தங்கள், ஊவாவில் லங்கா சமசமாஜக் கட்சியைச் சார்ந்த சங்கத்தின் தலைமையில் உச்சநிலையை அடைந்தன. வெவெஸ்ஸத் தொழிலாளர்கள் தமக்குள்ளேயே ஒரு சபையைத் தெரிந்தெடுத்தார்கள். அச்சபையைக் கலந்தே நிர்வாகம் நடத்தத் தோட்டத் துரை இணங்க வேண்டியதாயிற்று. ஒழுங்கை நிலைநாட்டுவதற்கென்று வந்த ஆயுதம் தாங்கிய பொலிஸாரின் ஆயுதங்களையே தொழிலாளர் பறித்துவிட்டனர்.

அந்த எழுச்சி அடக்கப்பட்டது உண்மை. பொலிஸாரின் கடும் நடவடிக்கையும், ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் நாட்டின் ஏனைய பாகங்களிலிருந்து துண்டித்த வெள்ளமும், ஜூன் மாதத்தில் கட்சித் தலைவர்கள் சிறைப்பட்டதும் ஒன்றுசேர்ந்து அதை முறித்தன. ஆயினும் அது உள்ளிருந்து, தம் பங்கைச் செலுத்தாது ஒதுங்கியோரால் முறியவில்லை என்பதே நாம் கருதவேண்டிய விஷயம். ஒரே லயத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்து, ஒரே மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்து, ஒரே மடுவத்தில் நிறுத்துப் போட்ட மக்களிடையே, ஒருவர் செய்வது மற்றவருக்கு மறைவதில்லை. தாம் தெரிந்தெடுத்த சபையின் தீர்மானத்தைத் தம் தீர்மானமாகவே அவர்கள் கருதினார்கள்.

சந்தா பிடித்தல்

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற ஏழு தொகுதிகளுள் பதுளையும் ஒன்று, எஸ். எம். சுப்பையா அத்தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். மறு ஆண்டே வந்த 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்த வாக்குரிமை இழப்பும், தோட்ட மக்களை அரசியல் அநாதைகளாக்கின. பாராளுமன்றத்தில் குரலிழந்த மக்களுக்குத் தொழிற்சங்கம் ஒன்றே நிழலாயிற்று. அந்நிழலைத் தாங்கும் தூண் சந்தா. சந்தாவை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் நம் கேள்வி மீண்டும் தலையெடுக்கிறது.

தோட்டங்களில் நிலைபெற்ற முறை இது: தொழிலாளி ஒரு படிவத்தில் ஒப்பமிட்டுத் தருவார், சங்கம் அதைத் தோட்டக் கந்தோரில் சேர்ப்பிக்கும், மாதாமாதம் சம்பளத்தில் சந்தாவைப் பிடித்துக் கந்தோர் சங்கத்தின் தலைமையகத்துக்கு அனுப்பிவிடும். ஒல்சனின் நியாயப்படி இம்முறைக்கு வலுவான ஆதரவு உண்டு. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்கு மாறி, 1998 முதல் சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தால் நிர்ணயிக்கப்பட்டபோது, ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்ட சங்கத்தின் அங்கத்தவருக்கும், வேறு சங்கத்தாருக்கும், எச்சங்கத்திலும் சேராதவருக்கும் ஒரே சம்பளமே கிடைத்தது. அப்படியிருக்க, நாமாக விரும்பிச் சந்தா கட்ட வேண்டியதென்ன என்று கேட்பவர் பெருகுவது இயல்பு. மேலும், ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம் என்று 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் இடமளித்ததும், கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தம் நூற்றுக்கு நாற்பது பேரின் ஆதரவுள்ள சங்கத்துடன் முதலாளி பேசியே ஆகவேண்டும் என்று விதித்ததும், அங்கத்தவர் எண்ணிக்கையைக் காகிதத்தில் நிரூபிக்கும் அவசியத்தை உண்டாக்கின. சந்தாப் பட்டியலே அந்த நிரூபணமாயிற்று.

ஆனால் அந்த வசதிக்குச் செலுத்திய விலை பெரிது. கொப்பியோடு வாசலுக்கு வந்து சந்தா கேட்கும் தோட்டத் தலைவரிடம், போன மாதம் என் பிரச்சினைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கும் சந்தர்ப்பம் ஒரு கொழுந்துகாரிக்குக் கிடைக்கிறது. சம்பளத் துண்டில் அச்சடித்த ஒரு வரியிடம் அவர் எதைக் கேட்பது? பணம் கொழும்புக்குப் போயிற்று. கணக்கு லயத்துக்கு வரவில்லை. வசூலிப்பவர் முதலாளியாக இருந்ததால், சங்கத்தின் உயிர்நாடி சங்கம் எதிர்த்துப் பேரம் பேச வேண்டியவரின் கையிலேயே இருந்தது. அங்கத்தவர் ஓசியில் பயன் பெறும் குறை நீங்கிற்று. அவ்விடத்தில், அங்கத்தவரின் சந்தாவைப் பெற்றுக்கொண்டு அவருக்குப் பதில் சொல்லாத மேல்மட்டம் ஓசியில் வாழும் குறை குடியேறிற்று. தலைக்காசு பெற்ற கங்காணியின் குறையும் இதுவும் ஒரே இனத்தவை. இக்குறையின் பாரம் பெண்கள்மேல் இரட்டிப்பாக விழுந்தது. கொழுந்தெடுப்போரில் பெரும்பாலோரும், ஆகவே சந்தா செலுத்துவோரில் பெரும்பகுதியினரும் பெண்களாயிருக்க, தலைவர் பதவிகள் பெரும்பாலும் ஆண்களிடமே தங்கின. விதிக்குக் கட்டுப்படுவோர் விதியை இயற்றுவதில் பங்கு பெறவேண்டும் என்ற நியாயம் இங்கே மீறப்பட்டது.

விளைவுகளைச் சமீப காலம் காட்டிற்று. 2015 மார்ச்சில் காலாவதியான கூட்டு ஒப்பந்தம் ஒன்றரை ஆண்டு கடந்தும் புதுப்பிக்கப்படாதிருந்தபோது, 2016 செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் தொழிலாளர்கள் தலைமையின் கட்டளைக்குக் காத்திராமல் தாமாகவே ஆயிரம் ரூபா கோரி வீதியில் இறங்கினர். ஒக்டோபர் 18இல் ஒப்பமிட்ட ஒப்பந்தம் அவர்களுக்கு 730 ரூபாவையே தந்தது. ஒத்துழைக்கும் சக்தி மக்களிடம் குன்றவில்லை என்பதையும், அச்சக்திக்கும் சங்கத் தலைமைக்கும் இடையே இருந்த நரம்பு அறுந்துபோயிருந்தது என்பதையும் அந்நாட்கள் ஒருங்கே உணர்த்தின. பிறகு 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக ஆயிரம் ரூபா நாட்சம்பளம் அறிவிக்கப்பட்டு, கூட்டு ஒப்பந்தம் கைவிடப்பட்ட வேளையில், பல கம்பனிகள் சந்தா பிடித்துக் கொடுப்பதை நிறுத்தின. நெடுங்காலம் அங்கத்தவரின் வாசலுக்குப் போகாத சங்கங்கள், ஒரே நாளில் அவ்வாசலைத் தேட வேண்டிய நிலைக்கு வந்தன.

கல் ஓயாவும் கணினி வலையும்

இதற்கு மாற்று வழி உண்டா என்று ஐயுறுவோர், பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் ஊற்றெடுத்து அம்பாறை வயல்களை நனைக்கும் கல் ஓயாவை நோக்குவாராக. அதன் இடதுகரைக் கால்வாயின் தலைப்பில் இருந்தவர் நீரை வேண்டிய மட்டும் திறந்துகொள்ள, கடைப்புறத்தில் இருந்தவர் வறண்டு கிடந்த நிலையில், 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு முயற்சியைத் தொடங்கின. சங்கத்தை மேலிருந்து நிறுவாமல், ஊக்குநர்களாகப் பயிற்றப்பட்ட இளைஞர்களை அனுப்பி, ஒரே வயற்கால்வாயைப் பகிர்ந்துகொள்ளும் சில விவசாயிகளை முதலில் ஒரு வேலைக்காக, உதாரணமாகக் கால்வாயைத் துப்புரவு செய்வதற்காக, ஒன்றுகூட்டினர். ஒன்றுகூடி ஒரு பயனைக் கண்ட பின்னரே பிரதிநிதியைத் தெரிந்தெடுத்தனர். அத்தகைய சிறு குழுக்களின் பிரதிநிதிகளைக் கொண்டு மேல்மட்டக் குழுக்கள் அமைந்தன. தலைப்பில் இருந்தவர்கள் முறைவைத்து நீர் விட இணங்கினார்கள். அம்முயற்சியை வழிநடத்தியவர்களுள் ஒருவரான நோர்மன் அப்ஹொஃப் 1992இல் அதுபற்றி விரிவான நூலொன்றை எழுதினார். இங்கே வரிசைக்கிரமம் முக்கியம்: முதலில் கண்ணுக்குத் தெரியும் சிறு காரியம், பிறகு பிரதிநிதி, அதன் பிறகே பெரிய ஸ்தாபனம்.

கணினி வலையில் இணைந்தோரின் சமூகத்திலும் இதே நியதி புலப்பட்டது. கோப்புகளை ஒருவருக்கொருவர் பகிர்வதற்கென மத்திய நிர்வாகமின்றி அமைந்த நுடெல்லா என்ற வலையை 2000ஆம் ஆண்டில் ஆராய்ந்த ஏடாரும் ஹூபர்மனும், ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பேர் எதையும் பகிராமல் பெற்றுக்கொண்டே இருந்தனர் என்று கண்டார்கள். அடுத்த ஆண்டு பிராம் கோகன் உருவாக்கிய பிட்டொரென்ட், தனக்குத் தருபவருக்குத் தானும் முன்னுரிமை தருவது என்ற எளிய விதியைப் பொறிக்குள்ளேயே அமைத்து அக்குறையைப் பெருமளவு குறைத்தது. ரொபர்ட் அக்ஸல்ராட் 1984இல் வெளியிட்ட ஆராய்ச்சியும், மீண்டும் மீண்டும் சந்திக்கப் போகிறவர்களிடையே, முதலில் நல்லெண்ணத்தோடு தொடங்கிப் பின்னர் பதிலுக்குப் பதில் நடக்கும் ஒழுக்கமே நிலைபெறுகிறது என்று காட்டிற்று. ஆனால் தண்டனை ஒன்றே போதுமென்று கொள்வதும் பிழை. ஏர்ன்ஸ்ட் ஃபேரும் சைமன் கெய்ஹ்டரும் நடத்திய பரிசோதனைகளில், பங்கு தராதவரைத் தண்டிக்க வாய்ப்பளித்தபோது பொது நிதி உயர்ந்தது. கெய்ஹ்டரும் பிறரும் 2008இல் பல நாட்டு நகரங்களில் அதையே செய்து பார்த்தபோது, சில இடங்களில் அதிகம் கொடுத்தவரே தண்டனைக்குள்ளாயினர். பொதுக் காரியத்தில் இறங்கும் இளைஞர்மேல் உடனே பழி சுமத்தும் வழக்கத்தை நம் லயங்களிலும் கண்டவர்களுக்கு இது வியப்பளிக்காது. தண்டனையின் நீதி, அதைத் தீர்மானிக்கும் சபையின் நீதியைப் பொறுத்தது.

இன்றைய நிலை

ஊவாத் தோட்டங்களில் இன்று இரண்டு மாறுதல்கள் இந்த ஒழுக்கத்தைச் சோதிக்கின்றன. 1992இல் மூன்று லட்சத்துக்கு மேலிருந்த கம்பனித் தோட்டத் தொழிலாளர் தொகை இன்று அதன் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. லயத்தில் வசித்தாலும் தோட்டத்தில் பேர் இல்லாதவர் பெருகிவிட்டனர். பீலித் தண்ணீரும் கோயிலும் பாதையும் எல்லோருக்கும் பொதுவாயிருக்க, பங்கு செலுத்தும் பட்டியலோ தோட்டத் தொழிலாளரோடு நின்றுவிடுகிறது. பயன் பெறுவோர் எல்லையும் பங்கு தருவோர் எல்லையும் பிரிந்துபோயின. இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட, நாளையும் மறுநாளும் இவரையே சந்திக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் குறுகிவிட்டது. பழைய ஒழுக்கத்தின் இரு ஆதாரங்களும் ஒருங்கே தளர்கின்றன. ஆகவே விதிகளைப் புதிதாய் எழுதவேண்டிய காலம் இது.

அதற்குச் செய்யத்தக்கவை எட்டாத காரியங்களல்ல. சந்தாவைக் கந்தோரிடம் ஒப்படைக்காமல் லயந்தோறும் தெரிந்தெடுத்த ஒருவர், அவர் பெண்ணாயிருத்தல் விசேஷம், நேரில் வசூலிக்கட்டும். அதில் ஒரு பகுதி தோட்டத்திலேயே தங்கி, மூன்று மாதத்துக்கொருமுறை கோயில் முற்றத்தில் கணக்கு வாசிக்கப்படட்டும். தோட்டத்தில் பேர் உள்ளவர், இல்லாதவர் என்ற பேதமின்றி லயத்தில் வசிக்கும் ஒவ்வொரு குடும்பமும் பங்காளியாகட்டும். வெளியூர் சென்ற பிள்ளையும் கைப்பேசி வழியே தன் பங்கை அனுப்பி, தன் பெயருக்கு நேரே அது குறிக்கப்படுவதைக் காணட்டும். தலைமையகம், இச்சிறு வட்டங்கள் அனுப்பும் பிரதிநிதிகளைக் கொண்டு அமையட்டும். இவ்வாறு செய்தால் முதலாண்டில் சந்தா குறையும். குறைந்தாலும், சேரும் ஒவ்வொரு ரூபாவும் ஒரு கேள்வியோடு சேரும், அக்கேள்விக்குப் பதில் சொல்லும் கடமையும் அதனோடு சேரும்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கும், மத்திய அதிகாரமற்ற புதிய சமூகங்களைக் கணினியில் கட்டுவோருக்கும் ஊவாவின் அனுபவம் சொல்வது ஒன்றே. பங்கு தராதவரைப் பிடிக்கும் பொறியை மட்டும் அமைத்து, அப்பொறியை இயக்குகிறவரைக் கேள்வி கேட்கும் உரிமையை அமைக்காவிட்டால், பிறர் உழைப்பில் வாழ்வோர் ஒழிவதில்லை. இடம் மாறி மேலே அமர்ந்துகொள்கிறார்கள். ஆகையால் அங்கத்தவர்களே, சந்தாவைத் தவறாமல் கொடுங்கள். கொடுக்கும் அதே கையால் கணக்குக் கொப்பியையும் வாங்கிப் பாருங்கள்.